முட்டையும் மெல்லனலும்: அடுப்படியில் எழுதப்பட்ட நம் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி வருவோரின் சிறப்பைக் கூறும் நபிமொழி நாம் அனைவரும் பயான்களில் கேட்டுப் பழகியது. முதல் வேளையில் வருபவர் ஒட்டகத்தை அல்லாஹ்வுக்காக அளித்தவர் போன்றவர். அடுத்தடுத்து வருபவர்கள் மாட்டையும், கொம்புள்ள ஆட்டையும், கோழியையும் அளித்தவர் போன்றவர்கள். இறுதி வேளையில் வருபவர் ஒரு முட்டையை அளித்தவர் போன்றவர். இமாம் மிம்பருக்கு வந்துவிட்டால் வானவர்கள் ஏடுகளை மூடிவிட்டு உபதேசத்தைச் செவிமடுக்க அமர்ந்துவிடுகின்றனர். அபூஹுரைரா (ரலி) வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இந்த வரிசையில் முட்டைக்குக் கடைசி இடம்தான். ஆயினும் ஏட்டில் அதற்கும் இடம் உண்டு. ஒட்டகம் இல்லாதவரிடம் மாடு இருக்கலாம்; மாடும் ஆடும் இல்லாத வீட்டின் கொல்லையில் ஒரு கோழியேனும் இருக்கும். எனவே எளியவர் கொடுக்கக்கூடிய கொடை முட்டை. விருந்தாளி சொல்லாமல் வந்து நிற்கும்போது, கறி வாங்க வழியில்லாத வீட்டின் மானத்தைக் காத்ததும் அதுவே.

நம் சமுதாய வரலாற்றை எழுதுவோர் பள்ளிவாசல்களைப் பற்றி எழுதுகின்றனர். மரக்கலங்களைப் பற்றியும், மார்க்க அறிஞர்களைப் பற்றியும், வணிகக் குடும்பங்களைப் பற்றியும் எழுதுகின்றனர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அடுப்படியில் நிகழ்ந்த வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமலேயே கழிந்துவிட்டது. அதை நடத்தியவர்கள் பெண்கள்; அவர்களது ஏடு அவர்களது கைப்பக்குவம். ஒரு தலைமுறை கண்மூடும்போது அந்த ஏட்டில் சில பக்கங்கள் கிழிந்து போகின்றன. ஒரு சிறு முட்டையை முன்வைத்து அந்த வரலாற்றின் ஒரு பகுதியை இங்கே எடுத்துப் பார்ப்போம்.

மண்ணும் கரியும் கிடைத்த ஊர்

இந்த வரலாற்றைத் தொடங்கப் பொருத்தமான ஊர் விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வூர், மணிமுக்தாற்றின் கரையில் அமைந்தது. கோயில் நகரமாகவும் இரயில்வே சந்திப்பாகவும் அறியப்பட்ட இவ்வூரைக் கடந்த சில பத்தாண்டுகளாகத் தமிழ்நாடு ‘பீங்கான் நகரம்’ என்றும் அழைத்து வருகிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென அரசுக் கல்விக்கூடம் இங்கே உண்டு. அகல்விளக்குகள், பொம்மைகள், மின்சாதனப் பீங்கான்கள் முதலியவற்றைச் செய்யும் சிறுதொழிற்கூடங்களும் உண்டு. அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை அடையும் முன் அகழ்ந்தெடுக்கப்படும் மண்ணடுக்குகளில் பீங்கானுக்கு உகந்த களிமண்ணும் கிடைக்கிறது.

‘பீங்கான்’ என்ற சொல்லின் பயணத்தை நாம் கவனிக்க வேண்டும். இது பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். கிண்ணம், கோப்பை என்பது அதன் பொருள். அதே பாரசீகச் சொல்தான் அரபியில் ‘ஃபின்ஜான்’ ஆயிற்று. அரபு நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் ‘கஹ்வா’ அருந்தும் சிறு கோப்பைக்கு அதுவே பெயர். மலையாளத்தில் அது ‘பிஞ்ஞாணம்’ ஆகிப் பீங்கான் தட்டைக் குறித்தது. ஆக, விருத்தாசலத்துச் சூளையிலிருந்து வெளிவரும் கோப்பைக்கும், மக்காவில் விருந்தினருக்கு நீட்டப்படும் கோப்பைக்கும், மலபார் மாப்பிள்ளைமார் வீட்டுத் தட்டுக்கும் பெயரளவில் ஒரே பாட்டன். பாத்திரத்தோடு பெயரும் கடல் கடந்தது. பாத்திரத்தில் வைத்து ஆக்கும் முறைகளும் அவ்வாறே கடந்தன என்பதைப் பின்னர் காண்போம்.

விருத்தாசலத்தைத் தழுவிச் செல்லும் மணிமுக்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. பறங்கியரின் பெயரைத் தாங்கிய அத்துறைமுகத்தை நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்று அழைத்தனர். பீங்கான் ஊரின் ஆற்றுநீர் சென்று சேர்வது ஒரு பழைய முஸ்லிம் துறைமுகத்தில் என்பது நினைவில் இருக்கட்டும்.

நெருப்பை அடக்குவதே கலை

பீங்கானுக்கும் முட்டைக்கும் பொதுவானது நெருப்பு. ஆனால் இரண்டும் கேட்கும் நெருப்பு வெவ்வேறு. உயர்தரப் பீங்கான் இறுகிக் கெட்டிப்படுவதற்குச் சூளையில் 1200 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். முட்டைக்கோ, கொதிக்கும் நீரின் 100 டிகிரியே மிகை. வெண்கரு ஏறத்தாழ 62 டிகிரியில் உறையத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் தடிக்கத் தொடங்கி, 70 டிகிரியை ஒட்டி ஓட்டம் நின்று கெட்டியாகிறது. வெண்கரு முழுமையாக இறுகுவதற்கு 80 டிகிரி போதும். அதற்கு மேல் ஏற்றப்படும் வெப்பம் முட்டையை வேக வைப்பதில்லை. அதன் புரதத்தை இறுக்கிப் பிழிந்து, உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளி, இரப்பர் போலாக்குகிறது. நெடுநேரம் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றித் தோன்றும் பச்சை வளையமும் மிகைவெப்பத்தின் அடையாளமே. வெண்கருவிலுள்ள கந்தகமும் மஞ்சள் கருவிலுள்ள இரும்பும் சேர்ந்து அவ்வளையத்தை உண்டாக்குகின்றன.

எனவே முட்டைச் சமையல் என்பது நெருப்பை மூட்டும் கலையன்று. நெருப்பை அடக்கும் கலை. வெப்பமானி எதையும் கண்டிராத நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தனர். விறகை இழுத்துத் தணலை மட்டும் அடுப்பில் விட்டனர். மண்சட்டியை ஏற்றினர், அது மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். சட்டியை இறக்கிய பின்னும் அதன் சூட்டிலேயே முட்டை வெந்து முடியும் என்பதையும் கணக்கில் கொண்டனர்.

பக்தாதின் சட்டியும் நம் ஆணமும்

முஸ்லிம் உலகின் பழைய சமையல் நூல்கள் முட்டைக்குத் தனி இடம் அளித்துள்ளன. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’, அதே பெயரில் முஹம்மது பின் ஹசன் அல்பக்தாதீ 1226இல் எழுதிய நூல் ஆகிய இரண்டும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது நூல் எழுதப்பட்ட 32 ஆண்டுகளில், அதாவது 1258இல், மங்கோலியர் பக்தாதைச் சூறையாடினர். அரண்மனைகளும் நூலகங்களும் அழிந்தன. அந்நகரின் உணவு முறைகள் ஒரு மனிதர் எழுதி வைத்ததால் பிழைத்தன. எழுதி வைப்பதன் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

அல்பக்தாதீ கூறும் ஒரு முறை இது: முட்டையை அவித்து, ஓட்டை உரித்து, நல்லெண்ணெயில் பொரித்து, கொத்தமல்லி, சீரகம், பட்டை ஆகியவற்றின் பொடியில் புரட்டுவது. நம் வீடுகளில் பிரியாணிக்குத் துணையாக வைக்கும் மசாலா முட்டையை இது அப்படியே நினைவூட்டுகிறது. மற்றொரு முறையில், மசாலாவும் காடியும் சேர்த்துக் குங்குமப்பூவால் நிறமேற்றிய கொதிகலவையில் முட்டைகளை உடைத்து ஊற்றி, மூடி வைத்து உறைய விடுகின்றனர். காடியின் இடத்தில் புளியை வைத்துப் பாருங்கள். நம் ‘உடைத்து ஊற்றிய முட்டை ஆணம்’ கண்முன் தோன்றும். இவ்விரண்டும் பக்தாதிலிருந்து நேரே நம் ஊருக்கு வந்தன என்று நாம் கூறவில்லை. ஒரே பொருளும் ஒரே தேவையும் இருக்கும் இடங்களில் ஒரே அறிவு தனித்தனியே தோன்றுவதும் இயல்பு. ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பக்தாத் வீட்டில் நடந்த வேலையை இன்று மங்கலம்பேட்டையிலோ லால்பேட்டையிலோ நம் சகோதரி ஒருவர் செய்துகொண்டிருக்கிறார் என்பது வியப்புக்குரியது.

உடைத்து ஊற்றும் ஆணத்தின் நுட்பம் முழுவதும் கொதியைத் தணிப்பதில் உள்ளது. ஆணம் தளதளவெனக் கொதிக்கும்போது முட்டையை ஊற்றினால் வெண்கரு சிதறிக் கலங்கிப் போகும். தீயைத் தணித்து, கொதி அடங்கி, ஓரத்தில் மட்டும் சிறு குமிழிகள் எழும் வேளையில், ஒரு கிண்ணத்தில் உடைத்து வைத்த முட்டையைச் சட்டியின் ஓரமாக வழியவிட வேண்டும். கரண்டியிடாமல் மூடி வைத்தால் சில நிமிடங்களில் வெண்கரு வெள்ளைத் துணி போல மஞ்சளைச் சுற்றிக்கொள்ளும்.

ஆணத்தில் முட்டையை இட்டதற்குச் சுவை மட்டும் காரணமன்று. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஒரு முட்டையைப் பொரித்தால் ஒருவர் உண்ணலாம். அதே முட்டையை வெங்காயத்துடன் அடித்து, அடையாக ஊற்றி, துண்டு போட்டு ஆணத்தில் இட்டால் நான்கு பேர் சோறு உண்ணலாம். வறிய வீட்டின் கணக்கும் நபிவழியின் ஈகையும் ஒரே சட்டியில் சேர்ந்த இடம் அது.

‘அரை வேக்காடு’ என்னும் பழைய மருத்துவம்

தமிழ்நாட்டுச் சாலையோரக் கடைகளில் ‘ஆஃப் பாயில்’ என்று கேட்டால், கல்லில் ஒருபுறம் மட்டும் வெந்து, மஞ்சள் கரு தளும்பும் முட்டை வந்து சேரும். அதில் அவித்தல் எதுவும் இல்லை. பெயர் மட்டும் அப்படி நிலைத்துவிட்டது. இந்த அரை வேக்காட்டுக்கு நம் மருத்துவ மரபில் மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு. பாரசீகத்தில் ‘பாதி வாட்டியது’ என்று பொருள்படும் ‘நீம்பிரிஷ்த்’ என்ற சொல்லை அரபு மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டனர். இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் முட்டைகளில் சிறந்தது கோழி முட்டையின் மஞ்சள் கரு என்றும், சமைக்கும் முறைகளில் சிறந்தது நீம்பிரிஷ்த் என்றும் கருதினார். முற்றிலும் இறுகிய முட்டை செரிப்பதற்குக் கடினம் என்பது யூனானி மருத்துவர்களின் துணிபு.

இன்றைய அறிவு இதனுடன் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறது. சால்மொனெல்லா என்னும் நுண்கிருமி முட்டையில் இருக்கக்கூடும் என்பதால், கருவுற்ற பெண்கள், குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்கு நன்கு வெந்த முட்டையே ஏற்றது. மஞ்சள் கரு தளும்பும் முட்டையை உண்ண விரும்புவோர் புதிய முட்டையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் இட்டால் புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். நாட்பட நாட்பட ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாவதே காரணம். அவித்து உரிப்பதற்கோ சில நாள் பழகிய முட்டைதான் நல்லது. அதன் தோல் எளிதில் கழன்று வரும்.

மார்க்க ஒழுங்கு ஒன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ, உள்நாட்டில் பெரும்பாலோர் ஹனஃபீ. இவ்விரு மத்ஹபுகளின்படியும் கோழியின் எச்சம் நஜீஸ். ஆகவே ஓட்டில் எச்சம் ஒட்டியிருக்கும் முட்டையைக் கழுவிய பிறகே அவிக்கும் பானையில் இட வேண்டும் என்று நம் வீடுகளில் கண்டிப்பாகச் சொல்லி வந்தனர். அந்தக் கண்டிப்பு மார்க்கத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே காத்தது.

பாத்திரத்தின் பெயரால் அமைந்த இனிப்புகள்

இப்போது பாத்திரத்துக்குத் திரும்புவோம். பெருநாள் காலைகளில் இலங்கை முஸ்லிம் வீடுகளிலும், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய நம் கடற்கரை ஊர்களிலும் இடம்பெறும் வட்டலாப்பத்தை அறியாதவர் நம்மில் குறைவு. வட்டில், அப்பம் என்று அப்பெயரைப் பிரித்துப் பொருள் கொள்வர். வட்டில் என்பது கிண்ணம். கிண்ணத்தில் வைத்து அவித்த அப்பம் என்று பாத்திரத்தின் பெயரே பண்டத்துக்கு ஆயிற்று. தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் முட்டையும் சேரும் இதன் உறவினர்கள் மலாய் நாடுகளில் ‘ஸ்ரீகாயா’ என்னும் பெயரில் வாழ்கின்றனர். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் முஸ்லிம்களே இதைக் கொணர்ந்தனர் என்பது பரவலான கருத்து. சொந்த மண்ணை இழந்து வந்தவர்கள் தம் இனிப்பை இழக்கவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதற்குத் தமிழ்ப் பெயர் சூட்டித் தம் பெருநாளில் அமர்த்திக்கொண்டனர்.

மலபாருக்குச் செல்வோம். அங்கே மாப்பிள்ளைமார் திருமண விருந்துகளில் ‘முட்டைமாலை’ இடம்பெறும். மஞ்சள் கருவை மட்டும் பிரித்து, வடிகட்டி, சிறு துளையிட்ட சிரட்டையின் வழியே கொதிக்கும் சர்க்கரைப் பாகில் வட்டமாகச் சுற்றி ஊற்றுவர். பொன்னிற இழைகள் உடனே உறைந்து மாலையாகும். போர்த்துகலின் கன்னியர் மடங்களில் வளர்ந்த முட்டை நூல் இனிப்பின் வழித்தோன்றல் இது. போர்த்துகீசியர் சென்ற துறைகளிலெல்லாம் இது வேரூன்றியது. தாய்லாந்தில் ‘ஃபோய் தோங்’ என்றும், சப்பானில் ‘கெய்ரான் சோமென்’ என்றும் இன்றும் வழங்குகிறது.

இதில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி உண்டு. 16ஆம் நூற்றாண்டு முழுவதும் மலபார் முஸ்லிம்கள் போர்த்துகீசியரைக் கடலில் எதிர்த்துப் போரிட்டனர். அப்போராட்டத்தை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ நூலில் பதிவு செய்தார். நான்காம் குஞ்ஞாலி மரக்காயர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். அத்தகைய பகைவரின் இனிப்பு நம் சகோதரர்களின் மணவிருந்தில் வந்து அமர்ந்தது எவ்வாறு? பகை அதிகாரத்தோடுதான், ஹலாலான அறிவோடு அன்று. நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்ளும் துணிவு அந்த அடுப்படிகளுக்கு இருந்தது.

முட்டைமாலைக்கு மஞ்சள் கருவை எடுத்த பின் வெண்கரு மிஞ்சும். போர்த்துகல் மடங்களில் துணிக்குக் கஞ்சியிடவும் அது பயன்பட்டதாகக் கூறுவர். மாப்பிள்ளைப் பெண்கள் அதை வேறு விதமாகக் கையாண்டனர். மிஞ்சிய வெண்கருவையும் மிஞ்சிய பாகையும் ஏலத்துடன் அடித்து, தட்டில் ஊற்றி, ஆவியில் அவித்தனர். மென்மையான அந்தப் பண்டத்தின் பெயர் ‘பிஞ்ஞாணத்தப்பம்’, அதாவது பீங்கான் தட்டப்பம். வீண்விரயத்தைத் திருக்குர்ஆன் (7:31) விலக்கியுள்ளதை அந்தப் பெண்கள் ஒரு பலகாரத்தால் கடைப்பிடித்துக் காட்டினர். தமிழில் வட்டில், மலையாளத்தில் பிஞ்ஞாணம்: இரு மொழியினரும் இனிப்புக்குப் பாத்திரத்தின் பெயரையே இட்டனர். ஏனெனில் அங்கே பாதி வேலையைச் செய்வது பாத்திரம்.

உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்தும். ஓரம் வெந்து இறுகிய பின்னும் நடு தளும்பும். பீங்கான் மெதுவாகக் கடத்தும். ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாக உறையும். வட்டலாப்பம் ஆக்குவோர் இவற்றைக் கைக்கொள்ளலாம். வெல்லத்தைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்து, வடிகட்டி, ஆற விடுக. சூடான பாலில் முட்டையைச் சேர்த்தால் திரிந்துவிடும். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் கலக்கி, மீண்டும் வடிகட்டுக. தடித்த பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, மூடியின் ஆவிநீர் சொட்டாதிருக்க மேலே துணியோ தட்டோ இட்டு, இட்லிப் பானையில் சிறு தீயில் வைத்திடுக. பாலும் வெல்லமும் சேர்ந்த முட்டை 80 டிகிரியைக் கடந்த பிறகே உறையும். மேலும் சில டிகிரி கூடினால் பிரிந்து நீர் விடும். அந்தச் சிறிய இடைவெளியில்தான் வட்டலாப்பம் பிறக்கிறது. நீர் தளதளத்துக் கொதித்தால் உள்ளே தேன்கூடு போலத் துளைகள் விழும். துளை விழுந்ததையே விரும்பி உண்போரும் உளர். அது சுவையைப் பொறுத்தது.

மாறிய அடுப்புகள்

பாத்திரம் ஒரு பாதி என்றால் அடுப்பு மறு பாதி. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள வீடுகள் ஒரு தலைமுறைக் காலத்தில் கண்ட அடுப்புகள் பல. விறகும் வரட்டியும் எரித்த மண்ணடுப்பு முதலாவது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக்கி, புகை தரும் பொருள்களை நீக்கி, ‘லெக்கோ’ என்னும் பெயரில் வீட்டு எரிபொருளாகவும் அது விற்றது. பற்றவைப்பதற்குப் பொறுமை வேண்டும். பற்றிய பின் புகையின்றி நெடுநேரம் சீராகக் கனலும். நெய்வேலியின் மண் பீங்கானாகவும், நெய்வேலியின் கரி அடுப்புக் கனலாகவும் ஒரே வட்டாரத்தில் கைக்கு எட்டின. மெல்லனலில் வேக வேண்டிய பண்டங்களுக்கு அந்தக் கனல் பொருத்தமானது.

பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. 1970களில் இந்தியன் ஆயில் நிறுவனம் உருவாக்கிய ‘நூதன்’ திரி அடுப்பு பல வீடுகளில் இடம்பிடித்தது. 1965இல் கொல்கத்தாவில் தொடங்கிய இண்டேன் எரிவாயு மெல்ல மெல்ல நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்குப் பரவிற்று. தமிழ்நாடு அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் வந்தது.

இந்த மாற்றத்தை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். புகையடுப்பின் அருமையைப் பாடுவோர் பெரும்பாலும் அதன்முன் அமர்ந்து இருமியவர்கள் அல்லர். வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் பாட்டிமாரின் கைப்பக்குவத்தைப் புகழும்போது, அந்தப் பக்குவத்துக்கு அவர்கள் கண்ணாலும் நுரையீரலாலும் செலுத்திய விலையை மறந்துவிடலாகாது. அந்த விலையை நம் மகள்கள் மீண்டும் செலுத்த வேண்டியதில்லை.

ஆனால் எரிவாயு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. திருகியவுடன் முழுத் தீ. எல்லாவற்றுக்கும் முழுத் தீ. விறகு அருமையாக இருந்த காலத்தில் தீயை இழுப்பது சிக்கனம். அச்சிக்கனமே முட்டைக்கு மென்மையைத் தந்தது. தீ எளிதாகிவிட்ட காலத்தில் அதைத் தணிப்பதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்தவர்களோ ஒவ்வொருவராக நம்மைவிட்டுச் செல்கின்றனர். எரிவாயு அடுப்பின் திருகில் சிறு தீயும் உண்டு. இழப்பு அடுப்பில் நேரவில்லை. அறிவைக் கைமாற்றாததில் நேர்கிறது.

அரிதாயிருந்தது அன்றாடமானபோது

முட்டையும் மாறிவிட்டது. கொல்லையில் மேய்ந்த நாட்டுக்கோழி ஒன்றிரண்டாக இட்ட முட்டை, பெண்களின் கைச்செலவுக்கான சிறு வருவாய். நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்குமான தனி உணவு. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகள் வளர்ந்த பின் அது கடைத்தெருவில் அட்டை அட்டையாய் அடுக்கப்படும் பொருளாயிற்று. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. படிப்படியாக உயர்ந்து, 2010இல் பள்ளி நாள்தோறும் ஒன்று என்றானது. 2013இல் கலவைச் சாத வகைகளுடன் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை எனச் செய்முறைகளும் பலவாயின. ஒட்டகம், மாடு, ஆடு, கோழி என்னும் வரிசையின் கடைசியில் நின்ற முட்டை, ஏழைப் பிள்ளைகளின் தட்டில் முதலிடம் பெற்றது. இது அல்லாஹ்வின் பேரருள்.

பொருள் மலிந்தால் மதிப்புக் குறைவது மனித இயல்பு. ஒரு முட்டை கருகினால் இன்னொன்றை உடைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வருகிறது. எல்லாச் செயல்களிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையை, அல்லாஹ் விதித்துள்ளான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஒரு முட்டையைக் கருகாமல், வீணாக்காமல், உண்பவருக்கு ஏற்ற பக்குவத்தில் ஆக்கி வைப்பதும் அந்தச் செம்மைக்குள் அடங்கும். அது பெண்களுக்கு மட்டும் உரிய கடமையும் அன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஸஹர் நேரத்தில் எழுந்து வீட்டாருக்கு முட்டை அவித்துத் தரும் வாப்பாமார்களும் காக்காமார்களும் சுன்னத்தான ஒரு பணியைத்தான் செய்கின்றனர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உம்மம்மாவோ, வாப்பும்மாவோ, நன்னியோ, தாதியோ இருந்தால் இந்த வாரம் அவர்கள் அருகில் அமருங்கள். அவர்கள் முட்டை ஆணத்தை எப்போது இறக்குவார்கள், வட்டலாப்பம் வெந்ததை எதைக் கண்டு அறிவார்கள், அக்காலத்தில் என்ன அடுப்பு, என்ன சட்டி என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியவர் பெயரையும், சொன்னவர் பெயரையும், தேதியையும் குறித்து வையுங்கள். பக்தாதின் அடுப்படி ஒரு மனிதர் எழுதியதால் எண்ணூறு ஆண்டு வாழ்கிறது. நம் ஊர்களின் அடுப்படியை எழுதுவதற்கு அரசரும் வேண்டா, அறிஞரும் வேண்டா. கேட்கும் பேரப்பிள்ளை ஒருவர் போதும்.

நம் இல்லங்களில் உணவு சமைத்துத் தந்து மறைந்த தாய்மார்கள் அனைவருக்கும் அல்லாஹ் மஃபிரத்தை வழங்குவானாக. இருப்பவர்களுக்கு நல்லாரோக்கியத்தைத் தருவானாக. நம் உணவில் பரக்கத்தையும் நம் கைகளில் செம்மையையும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.